காயும்போது பச்சையாகும் முகம்

பேய்க் கதை சொல்ல உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு சத்தியம் செய்கிறார்கள். நான் செய்யப் போவதில்லை. மேடைக்கு மேடை இறைத்து இறைத்து, சத்தியம் செல்லாக்காசாகி வெகுநாள் ஆகிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். எனக்குக் கற்பனை வராது. வந்திருந்தால், அடுத்தவன் எடுத்த போட்டோவை இருபத்திரண்டு வருஷமாக அச்சடித்துக்கொண்டிருக்க மாட்டேன். நடந்ததை, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வைத்தபடி சொல்கிறேன்.

ராத்திரியும் இல்லை. நாய் ஊளையிடவும் இல்லை. பட்டப்பகல். தெருவில் ஆள் நடமாட்டம். மதியம் 2.10க்கு ஆரம்பித்தது.

என் வேலை, இங்க்ஜெட் பிரிண்டரில் கறுப்பு வெள்ளைப் படம் போடுவது. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலர் படத்தில் சட்டை கொஞ்சம் சிவந்தால் யாருக்கும் தெரியாது. கறுப்பு வெள்ளையில் ஒரு இழை நிறம் ஏறினாலும் முகம் காமாலைக்காரன் முகமாகிவிடும். காரணம், பிரிண்டர் சாம்பல் நிறத்தைக் கலர் மைகளைக் கலந்துதான் உண்டாக்குகிறது. ஒன்று ஓங்கினால் போச்சு. டியூப் லைட்டில் பத்தினி போல இருக்கும் படம், ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்ததும் பச்சை அடிக்கும். எந்த நிறமும் ஒட்டாத சுத்தச் சாம்பல்... அதைக் கொண்டுவரத்தான் எனக்குக் கூலி.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஈரப் படத்துக்குத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். மை காயக் காய நிறம் நகரும். அதனால் படத்தை மேஜையில் காயப் போட்டு, உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, பத்து நிமிஷம் வெளியே போய்விடுவேன். பக்கத்திலேயே நின்றால் கை சும்மா இருக்காது. தும்மல் வேறு வரும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, பின்பக்கம் பென்சிலால் எண் போட்டு, அடுத்ததற்குப் போவேன்.

அன்று வந்தவர், கம்பெனி கம்பெனியாகப் போய் 'முன்னேறுவது எப்படி' என்று வகுப்பெடுக்கும் பேச்சாளர். டீ கேட்டாலும் 'அன்பார்ந்த நண்பரே' என்றுதான் கேட்பார். மனசுக்குள் அவருக்கு 'சிறப்புரை' என்று பெயர் வைத்திருந்தேன்.

"அப்பா படம். மூணடிக்கு ரெண்டடி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நினைவுக் கூட்டம். நானூறு பேர் வர்றாங்க."

"இன்னிக்கே வேணுமா சார்?"

"இன்னிக்கே. கறுப்பு வெள்ளைதான். அதுலதான் கண்ணியம் இருக்கு. ஆனா பச்சை, சிவப்புன்னு ஒரு சாயம் தெரியக் கூடாது. அவர் வாழ்க்கையில களங்கம் இல்லை. படத்துலயும் இருக்கக் கூடாது."

மறுநாள் மேடைக்கு என்னிடம் ஒத்திகை பார்க்கிறார் என்று புரிந்தது.

"எப்படிப் போனார் சார்?"

"என் மடியில." கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கைக்குட்டை காய்ந்தே இருந்தது. "தலையை என் மடியில வச்சுக்கிட்டு, 'நீ பேசுடா, ஊரே கேக்கும்'னார். அப்படியே கண்ணை மூடிட்டார்."

சாகிற நேரத்திலும் மகனுக்கு விளம்பரம் செய்துவிட்டுப் போன அப்பா. கொடுத்து வைத்தவர்.

அவர் போன கொஞ்ச நேரத்தில், 1.25க்கு, ஃபோன் வந்தது. பெண் குரல்.

"அண்ணா, உங்ககிட்ட ஒரு படம் குடுத்துட்டுப் போனாரே... அவர் தங்கச்சி நான்."

"சொல்லுங்கம்மா."

"எனக்குச் சின்னதா ஒண்ணு போட்டுத் தருவீங்களா? அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்."

"அப்பா படம்தானே, தெரிஞ்சா என்ன?"



"நான் வர்றதுக்குள்ள பெட்டியை மூடிட்டாங்கண்ணா. ஆணி அடிச்சுட்டாங்க. கெஞ்சினேன். திறக்கலை. அண்ணன் 'தூங்கற மாதிரி இருந்தார், அதை நினைச்சுக்கோ'ன்னான். மூணு வாரமாச்சு. கண்ணை மூடினா அப்பாவுக்கு உடம்பு வருது, சட்டை வருது... முகம் மட்டும் வர மாட்டேங்குது. எனக்கு அவர் முகம் வேணும். அவ்வளவுதான்."

"சாயங்காலம் வாங்கம்மா. எடுத்து வைக்கிறேன்."

சிறப்புரைக்காக இல்லை. இந்தப் பெண்ணுக்காகத்தான் அன்று ஒழுங்காக வேலை செய்ய உட்கார்ந்தேன்.

படம் நல்ல படம். வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கைகள் மடியில். பின்னால் வெறும் சுவர். எழுபத்தைந்து வயதிருக்கும். போட்டோ எடுப்பவனைக் கேலி செய்யலாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு முகம். பார்த்ததும் பிடித்துப்போனது. ஃபைலில் நிறமே இல்லை. எந்த இடத்தைத் தொட்டாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் திரை காட்டுவது ஒரே எண்.

2.10. முதல் சோதனைப் படம், சின்ன அளவில்.

ஸ்ர்ர்ர்... டக். ஸ்ர்ர்ர்... டக்.

வெளியே வந்த ஈரப் படம் அற்புதம். சுத்தச் சாம்பல். என் முதுகை நானே தட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு டீ குடிக்கப் போனேன்.

2.25க்குத் திரும்பினேன். படத்தை ஜன்னலில் பிடித்தேன்.

வயிற்றில் பச்சை.

வலது பக்கம், சட்டையின் கீழ் ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு. பாசி மாதிரி ஒரு அழுக்குப் பச்சை. சாயம் அடித்தால் படம் முழுக்க அடிக்கும், அது பிரிண்டரின் நீதி. இங்கே சுவர் சுத்தம். நாற்காலி சுத்தம். கழுத்துப்பட்டி சுத்தம். அந்த ஒரு இடம் மட்டும்.

'1' என்று எழுதினேன். மை போகும் துளைகளைச் சுத்தம் செய்தேன். பச்சையை அடக்கக் கொஞ்சம் சிவப்பு ஏற்றினேன். என் தொழிலில் எல்லோரும் செய்கிற பிழை இது. ஒரு நோய்க்கு இன்னொரு நோயை மருந்தாகக் கொடுப்பது.

இரண்டாவது. ஈரத்தில் சாம்பல். பத்து நிமிஷம் கழித்து வயிறு முழுக்கப் பச்சை.

மூன்றாவது. கழுத்தில் கோடுகள். மரத்தின் வேர் மாதிரி கிளை பிரிந்து, தாடைவரை ஏறியிருந்தது. கரும்பச்சை... நடுவில் பழுப்பு. உடம்பு நரம்புகள் எந்த வழியாக ஓடுமோ, அதே வழி.

அப்போதுதான் நாற்றத்தைக் கவனித்தேன்.

எலி, என்று நினைத்தேன். பேப்பர் சுருளுக்குப் பின்னால் ஒன்று செத்திருக்கும். தேடினேன். அலமாரியை நகர்த்தினேன். ஒன்றும் இல்லை. இனிப்பும் புளிப்புமாக, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற ஒரு நாற்றம். டீயை விழுங்கினால் டீயோடு அதுவும் இறங்கியது.

3.20. நான்காவது படம்.

காய்ந்த பிறகு பார்த்தேன். முகம் எனக்கு அறிமுகமான முகமாக இல்லை. கன்னம் உப்பியிருந்தது. ஃபைலை அதே அளவில் திரையில் வைத்து, அளவுகோலால் இரண்டையும் அளந்தேன். திரையில் காதுக்குக் காது 61 மில்லிமீட்டர். படத்தில் 66.

மை நிறம் மாறும். ஒத்துக்கொள்கிறேன்.

மை வீங்குமா?

என்னிடம் இன்னொரு பிரிண்டர் உண்டு. அதற்கு 'விதவை' என்று நான் வைத்த பெயரை என் மனைவி மாற்றச் சொல்லிப் பத்து வருஷமாகிறது. அதில் கலர் மையே கிடையாது. எட்டுக் குப்பியிலும் கறுப்புதான். தண்ணீர்த்த கறுப்பு, இன்னும் தண்ணீர்த்த கறுப்பு, அவ்வளவுதான். வாங்கிய நாளிலிருந்து ஒரு சொட்டு நிறம் அதற்குள் போனதில்லை. கொஞ்சம் பழுப்பு காட்டும். பச்சை ஜென்மத்துக்கும் காட்டாது. காட்ட அதனிடம் பச்சை இல்லை.

3.45. ஐந்தாவது படம், விதவையில்.

ஸ்ர்ர்ர்... டக்.

சாம்பல். பிழைத்தோம் என்று கதவைச் சாத்தினேன்.

3.59.

பச்சை.

போன படங்களைவிட அதிகம். காது மடல் கறுத்திருந்தது. உதடு தடித்து, வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது. சுவர் மட்டும் கச்சிதமான, நடுநிலையான, பாடப்புத்தகச் சாம்பல். அப்படி ஒரு சாம்பலை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை.

ஆறாவது படத்தில் பேப்பரின் மேல்பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. முகத்திலும் கையிலும் மட்டும். கட்டைவிரலால் ஒன்றைத் தொட்டேன். உடைந்தது. உள்ளே ஈரம். மேல்தோல்... பூச்சைத்தான் சொல்கிறேன்... வழுக்கிக்கொண்டு விரலோடு வந்தது.

சோப்புப் போட்டு ஐந்து தடவை கை கழுவினேன். ஆறாவது தடவையும் முகர்ந்து பார்த்தேன்.

நாற்றம் அப்படியே இருந்தது.

4.25. ஏழாவது. மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் கறுப்பாக ஏதோ வடிந்து, சட்டைப் பொத்தான் வரை கோடு போட்டிருந்தது. மை வழிந்திருக்கலாம். தட்டையாகப் படுக்க வைத்த பேப்பரில் மை வழியாது.

4.44. எட்டாவது. கதவைத் திறந்ததும் ஈ.

ஒன்று இல்லை. ஒரு கூட்டம். மூடிய அறை. மூடிய ஜன்னல்.

எல்லாம் முகத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தன. விரட்டினேன். வாயோரத்தில் வெள்ளையாக, நொய் அரிசி மாதிரி, சின்னச் சின்னதாக...

அச்சில் இருந்ததா, அச்சின் மேல் இருந்ததா?

தெரியாது. தொட்டுப் பார்க்கவில்லை.

நிறுத்திவிட்டுக் கடையைச் சாத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் வந்துகொண்டிருந்தாள். 'முகம் வேணும்' என்றவளிடம் எதைக் கொடுப்பது? இதையா?

ஒன்பதாவதை நின்று பார்ப்பது என்று முடிவு செய்தேன். என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். 5.03க்குப் படம் வந்தது. சாம்பல். கேலி செய்யலாமா என்று யோசிக்கிற அதே முகம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மேஜை பக்கத்தில் நின்றேன்.

ஒரு நிமிஷம்.

நாற்றம் எழும்பியது. கண்ணில் நீர் கொட்டியது.

ஒன்றரை நிமிஷம்.

ஓடினேன். பின்கட்டுக் குழாயடியில் குனிந்து, மதியச் சாப்பாடு முழுவதையும் கொட்டினேன்.

திரும்பி வந்தபோது 5.17.

முகம் இல்லை.

தலை இருந்தது. கறுப்பாக. முகம் என்று சொல்ல அதில் எதுவும் மிச்சம் இல்லை.

ஒன்பதையும் கவிழ்த்துக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் திணித்து, இறுக முடிச்சுப் போட்டேன்.

5.30. வாசல் மணி.

நாற்பதை நெருங்கும் பெண். தோளில் பை. அப்பாவின் அதே கண்.

"முடிஞ்சுதாண்ணா?"

"இல்லைம்மா. மிஷின்ல கோளாறு. நாளைக்கு..."

"நாளைக்கு அண்ணன் பெரிய படத்தைக் கூட்டத்துல மாட்டிடுவான். அங்க என்னைக் கிட்ட விட மாட்டான்." உள்ளறைக் கதவைப் பார்த்தாள். மூக்கு லேசாகச் சுருங்கியது. "இந்த வாசம்..."

"எலி செத்துருச்சும்மா. மன்னிச்சுக்கோங்க."

"பெட்டிக்கிட்ட நின்னப்பவும் இதே வாசம்தான்ணா. அண்ணன் ரெண்டு பாட்டில் சென்ட் ஊத்தியிருந்தான். அதையும் மீறி வந்துது."

நான் உள்ளறைக் கதவை இறுகச் சாத்தினேன்.

"ஒரு தடவை போட்டுப் பாருங்க. எப்படி வந்தாலும் எடுத்துக்கறேன்."

5.41. பத்தாவது.

ஸ்ர்ர்ர்... டக். ஸ்ர்ர்ர்... டக்.

சாம்பல். ஈரம். மேஜையில் வைத்தேன்.

"வாங்கம்மா, வெளிய நிப்போம். பத்து நிமிஷம் காயணும்."

"நீங்க போங்க. நான் இருக்கேன்."

"நாத்தம் தாங்காதும்மா."

"பரவாயில்லைண்ணா."

ஸ்டூலை இழுத்து மேஜை பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூக்கைப் பொத்தவில்லை. நான்தான் வாசல்வரை ஓடினேன். கதவு பாதி திறந்திருந்தது. அவள் குனிந்து ஏதோ பேசுவது கேட்டது. முதல் வரி மட்டும் புரிந்தது.

"வந்துட்டேன்பா."

5.55.

உள்ளே போனேன். ஈ இல்லை. நாற்றம் இல்லை. பேப்பர் வாசனையும் மை வாசனையும் மட்டும்.

ஜன்னலில் பிடித்தேன். டியூப் லைட்டில் பிடித்தேன். மறுபடி ஜன்னல்.

சாம்பல். முகமும் சுவரும் ஒரே சாம்பல். பெரியவர் என்னைக் கேலியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான்ணா," என்றாள். "இதுதான் அவர் முகம்."

அப்போதுதான் அழுதாள். பெரிய படத்தையும் போட்டுவிடுகிறேன், அதுவரை இருங்கள் என்று கெஞ்சினேன். காரணம் கேட்கவில்லை. அது காய்கிறவரை அதே ஸ்டூலில் இருந்தாள். 6.40க்கு, சின்னப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். போகும்போது ஃபோன் எண் கொடுத்தாள். அப்பாவைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னால் தெரிவிக்க வேண்டுமாம்.

7.15க்குச் சிறப்புரை வந்து பெரிய படத்தைத் தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பாத்தீங்களா நண்பரே. விடாமுயற்சி! இதைத்தான் நான் மேடைக்கு மேடை சொல்றேன்."

வீட்டில் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். "எங்க போய் விழுந்து எழுந்து வர்றீங்க? சட்டையை வெளியவே கழட்டுங்க."

மறுநாள் குப்பை வண்டிக்காரர் பையைத் தூக்கியவர், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார். "என்ன சார் போட்டு வச்சிருக்கீங்க? கனமா, கொழகொழன்னு இருக்கு." ஒன்பது பேப்பர் என்று சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் மையைக் குறை சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

பதினோரு நாள் கழித்து ஒருவர் அடையாள அட்டைக்குப் போட்டோ போட வந்தார். திரையில் பழைய ஃபைல்கள் வரிசையாகத் திறந்திருந்தன. பெரியவர் படத்தைப் பார்த்ததும், பணம் எண்ணிக்கொண்டிருந்த அவர் கை நின்றுவிட்டது.

"இவர் எங்க மேல் வீட்டுக்காரர் ஆச்சே."

"அப்படியா. மகன் மடியில போனாராமே."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யார் சொன்னா? தனியா இருந்தவர்ங்க. ஒன்பது நாள் கிடந்திருக்கார். எங்க வீட்டுக் கூரையில மஞ்சளா, எண்ணெய் மாதிரி கறை இறங்குச்சு. குழாய் ஒழுகுதுன்னு பிளம்பரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் விரலால தொட்டு முகர்ந்து பாத்துட்டு, ஏணியை விட்டு இறங்கி, 'இது தண்ணி இல்லைங்க'ன்னார்."



"மகன்?"

"வந்தார். கதவை உடைச்சதும் மாடிப்படியிலயே நின்னுட்டார். ஒரு அடி உள்ள வைக்கலை. மூக்கைப் பொத்திக்கிட்டு, ஃபோன்ல யார்கிட்டயோ 'என் மடியிலதான்'னு சொல்லிட்டிருந்தார். இந்தக் காதால கேட்டேன்."

"ஒன்பது நாள்... நீங்க யாரும் மேல போய்ப் பாக்கலையா?"

அவர் குரல் தாழ்ந்தது.

"என் மனைவியும் அதையேதான் கேக்கறா. நான் ஏன் போகணும்? ஆள்தான் இருக்காரே. தினமும் சாயங்காலம் சத்தம் கேக்கும். நாற்காலியை இழுக்கற சத்தம். சமையலறைப் பக்கத்துலேர்ந்து... மெதுவா... வாசலைப் பாத்த ஜன்னல் வரைக்கும். ஒரு நாள் தப்பாம. யாரையோ எதிர்பாத்து உக்காந்திருக்கார்னு நெனச்சேன்."

"அப்ப எட்டு நாள் உயிரோடதான்..."

"டாக்டர் வந்து பாத்தாருங்க. முதல் நாளே போயிட்டாராம். சமையலறைத் தரையில கிடந்தார். கைகூட அசைஞ்சிருக்காது. ஆனா கதவை உடைச்சப்ப நாற்காலி அங்க இல்லை. ஜன்னல்கிட்ட இருந்துது."

அவர் போட்டோவை வாங்கிக்கொண்டு எழுந்து போனார்.

மகளின் எண் என் ஃபோனில் இருக்கிறது. மூன்று தடவை எடுத்து, மூன்று தடவையும் கீழே வைத்துவிட்டேன். அவள் கேட்டது முகம். அதைக் கொடுத்துவிட்டேன். எத்தனை நாள் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவள் கேட்கவில்லை.